போக 13 மணி நேரம், திரும்பி வர 14

டோக்கியோவையும் நியூயார்க்கையும், பசிபிக் கடல் நடுவே வரும்படி வரைந்த உலகப்படத்தில் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு பசிபிக்கைக் கடந்து, சான் பிரான்சிஸ்கோவுக்குச் சற்று வடக்கே கரையேறி, அமெரிக்காவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். நிஜத்தில் அந்த வழியின் நீளம் ஏறக்குறைய 12,800 கிலோமீட்டர். இப்போது பூமி உருண்டையை எடுத்து, அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் வடக்கே ஏறி, அலாஸ்காவின் வடகோடிவரை போய், கனடா வழியாக இறங்கும். இந்த வழி சுமார் 10,850 கிலோமீட்டர்தான். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே இவ்வளவு தூரம் என்று போட்டிருக்கும் எண் இந்த நூலின் நீளமே.

சரி, பெரிய ஜெட் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கும். வகுத்தால் 12 மணி நேரம். ஆனால் நியூயார்க் போக ஏறக்குறைய 13 மணி நேரம் ஆகிறது. திரும்பி வர 14 மணி நேரத்துக்கும் மேல். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் கொஞ்ச நேரத்தைத் தின்னும். போக்குக்கும் வரவுக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் வேறு: காற்று.

விமானத்தின் 900 என்பது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். அந்தக் காற்றே நகர்ந்தால், ஆற்றில் படகுக்கு நடப்பதுதான் இங்கும் நடக்கும். தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், வெப்பமண்டலச் சூடும் துருவக் குளிரும் சந்திக்கும் இடங்களில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே இது மணிக்கு 200 கிலோமீட்டரை எளிதாகத் தாண்டும். அங்கேயே 1920களில் வாசாபுரோ ஓய்ஷி என்ற வானிலையாளர் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். உலகமே படிக்கட்டும் என்று 1926-இல், எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். படித்தவர்கள் மிகச் சிலர். எனக்கு இது இன்றும் வருத்தம் தரும் கதை.

போகும்போது காற்று தருவதை வரும்போது பிடுங்கிக்கொள்கிறது, கணக்கு சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. 10,800 கிலோமீட்டருக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிப்பதாக வைத்துக்கொள்வோம். போக 1,000 வேகத்தில் 10.8 மணி; வர 800 வேகத்தில் 13.5 மணி. மொத்தம் 24.3. காற்றே இல்லாவிட்டால் 24. எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் 18 நிமிடம் நஷ்டம்.

அதனால்தான் கிழக்கே போகும் விமானங்கள் பெரும்பாலும் நூல் காட்டும் வழியை விட்டுத் தெற்கே இறங்கிக் காற்றைப் பிடிக்கின்றன. திரும்பும்போது வடக்கே ஒதுங்குகின்றன. கூடுதல் தூரம் பறந்தும் சீக்கிரம் சேர முடிகிறது.

அப்புறம் வான்வெளி அனுமதி என்று ஒன்று இருக்கிறது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ, சைபீரியா வழியாக ஒன்பதரை மணி நேரப் பயணமாக இருந்தது. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாகி, 13 மணி நேரமானது. இரண்டு ஊர்களுக்கும் இடையே போட்டிருக்கும் தூரம் இன்றும் அதே 7,800 கிலோமீட்டர்தான்.