கேட்டுப் பார்க்கலாம், காத்திருக்கக் கூடாது

"'கில் மைனஸ் 9' கொடுத்தும் சாகாத நிரல் உண்டா?" என்று வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். ஓடும் நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்தும் கட்டளை அது. அவருடைய ஆய்வகத்தில் எல்லாக் கணினிகளும் வலையமைப்பு வழியாக ஒரே கோப்புச் சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு மாலை, கோப்பு ஒன்றை நகர்த்தும்போது கணினி அப்படியே உறைந்துவிட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் குறிப்பேட்டில் ஒரு பணி 120 விநாடிகளுக்கு மேல் முடங்கிக் கிடப்பதாக ஒரு வரி மட்டும் இருந்தது. அணைத்துப் போட்டார்கள். மறுநாள் அதே வேலை ஒரு குறையுமின்றி நடந்ததாம்.

உண்டு. இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில், ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒருவரே தொடும்படி காக்கும் ஏற்பாட்டுக்குப் பூட்டு என்று பெயர். அப்படி ஒரு பூட்டுக்காகத் தூங்கும் பணி பெரும்பாலும் அந்தப் பூட்டு கையில் வந்தால்தான் கண் விழிக்கும்; கொலை மிரட்டலெல்லாம் அதன் காதில் விழாது. பூட்டு ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

ஒரு வீட்டில் ஓர் உரல், ஓர் உலக்கை. மூத்த மருமகள் உரலைப் பிடித்துக்கொண்டு உலக்கைக்குக் காத்திருக்கிறாள். இளையவள் உலக்கையைப் பிடித்துக்கொண்டு உரலுக்குக் காத்திருக்கிறாள். அன்றைக்கு அந்த வீட்டில் மாவு கிடையாது. இதுதான் டெட்லாக். 1971இல் காஃப்மன், எல்பிக், ஷோஷானி மூவரும் இது நிகழ நான்கு நிபந்தனைகள் ஒருசேர அமைய வேண்டும் என்று எழுதினார்கள். காத்திருப்பு ஒரு வட்டமாக முடிவது அவற்றில் ஒன்று. வட்டத்தை உடைக்கும் வழி பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது: யாராயிருந்தாலும் முதலில் உரல், பிறகு உலக்கை.

பாடப்புத்தகம் அங்கே நின்றுவிடும். எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அப்புறம்தான் வருகிறது.

பல கணினிகளில் பரப்பி வைத்த கோப்புகளை வலையமைப்பு வழியே பகிரும் செஃப் என்ற பரவல் கோப்பு முறைமையை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் சேஜ் வைல் உருவாக்கியது. 2006இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்து, 2010இல் அதன் கிளையன்ட், அதாவது கோப்பைக் கேட்கும் கணினியில் ஓடும் பகுதி, லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்ந்தது. இதில் சர்வர் ஒவ்வொரு கோப்புக்கும் கிளையன்ட்டுகளிடம் அனுமதிச் சீட்டுகள் கொடுத்துவைக்கிறது: நீ இதைப் படிக்கலாம், நீ எழுதியதைக் கொஞ்ச நேரம் உன்னிடமே வைத்திருக்கலாம், என்பது போல. இன்னொரு கணினிக்கு அதே கோப்பு தேவைப்பட்டால் சர்வர் சீட்டைத் திருப்பிக் கேட்கும்.

கிளையன்ட்டுக்குள் இரண்டு பூட்டுகள் நமக்கு முக்கியம். சர்வருடனான உரையாடலைக் காக்கும் செஷன் பூட்டு ஒன்று. கோப்பின் விவரப் பதிவான ஐநோடைக் காக்கும் பூட்டு மற்றொன்று. முதலில் செஷன், அதற்குள் ஐநோடு என்பது வரிசை. நிரலின் தலைப்புக் கோப்பிலேயே குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். சர்வர்கள் பல இருக்கலாம். எந்தச் சீட்டை எந்தச் சர்வரிடம் திருப்பித் தருவது என்பது ஐநோடைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அதாவது, எந்த செஷனைப் பூட்ட வேண்டும் என்று அறிவதற்கே ஐநோடை முதலில் பூட்டியாக வேண்டும். விதியோ செஷன்தான் முதலில் என்கிறது!

செஃப் எழுதியவர்கள் இதை அவிழ்த்த விதம் அழகானது. ஐநோடு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே செஷன் பூட்டைக் கேட்டுப் பார்க்கிறார்கள். காலியாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒரு நொடிகூட நிற்பதில்லை. ஐநோடைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு போய் செஷனுக்காகக் காத்திருந்து, அது கிடைத்ததும் ஐநோடை மறுபடி எடுக்கிறார்கள். உலக்கையை வைத்திருப்பவள் "உரல் காலியா?" என்று எட்டிப் பார்ப்பதில் தவறே இல்லை. இல்லை என்றதும் உலக்கையை இறக்கி வைத்துவிட்டு உரலடியில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். கூர்ந்து பார்த்தால், விதி தடுப்பது தலைகீழாக எடுப்பதை அல்ல, தலைகீழாகக் காத்திருப்பதை.

இதற்கு விலை உண்டு. ஐநோடைக் கைவிட்ட இடைவெளியில் உலகம் மாறியிருக்கும். சீட்டு ஏற்கெனவே திரும்பிப் போயிருக்கலாம். வேறொரு சர்வரின் சீட்டைக் கையாள வேண்டி வந்திருக்கலாம். எனவே முன்பு பார்த்தது எதையும் நம்பாமல் முதலிலிருந்து பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முந்தைய பதிப்புகளின் பிழைதேடும் செய்திகளில் "செஷன், ஐநோடு பூட்டுகளைத் தலைகீழாக்குகிறேன்" என்ற பொருளில் ஒரு வரியும், "அடடா, தவறான செஷன்" என்ற பொருளில் இன்னொன்றும் உண்டு. அந்த "அடடா" எனக்கு மிகவும் பிடிக்கும். பின்னர் அந்தப் பகுதிக்கு செஷன் பூட்டே வேண்டாதபடி மாற்றி எழுதிவிட்டார்கள்.

வரிசை மீறல்களைப் பிடிக்க 2006 முதல் லினக்ஸில் லாக்டெப் என்ற காவலாளி இருக்கிறது. இங்கோ மோல்னாரின் கைவண்ணம். எந்த வகைப் பூட்டுக்குப் பிறகு எந்த வகை எடுக்கப்பட்டது என்று குறித்துக்கொண்டே வரும். என்றாவது தலைகீழ் வரிசை தென்பட்டால், எதுவும் உறையாவிட்டாலும் கூச்சலிடும். ஆனால் அதன் பார்வை ஒரு கணினியோடு முடிகிறது. ஒரு பூட்டைப் பிடித்தபடி சர்வரின் பதிலுக்காகக் காத்திருக்கிறீர்கள்; சர்வரோ நீங்கள் சீட்டைத் திருப்பித் தந்தால்தான் பதில் தரும்; திருப்பித் தரும் பகுதிக்கு அதே பூட்டு வேண்டும். வட்டத்தின் பாதி கம்பி வழியே அடுத்த கணினிக்குள் ஓடுகிறது. இது லாக்டெப்புக்குத் தெரியாது. அதனால்தான் செய்திகளைக் கையாளும் பகுதிக்கு வேண்டிய பூட்டைப் பிடித்தபடி வலையமைப்பில் காத்திருக்காதே என்பதைக் கிளையன்ட் எழுதுபவர்கள் தாங்களே கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆயுத பூஜையன்று சர்வருக்குச் சந்தனம் பூசுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. அணைத்துப் போடுவதைப் பரிகாரமாக நம்புவதில்தான் ஆட்சேபம். செஃபுக்குத் தொடக்க நிதி தந்தவை லாரன்ஸ் லிவர்மோர், லாஸ் அலமோஸ், சாண்டியா ஆகிய அமெரிக்க ஆய்வகங்கள். மாணவர்கள் உட்கார்ந்து நிரல் எழுத அந்தப் பணம் உதவியது. நம் ஊரில் இயந்திரம் வாங்கக் கையெழுத்து உடனே விழுகிறது. அதன் கெர்னலைப் படிக்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளக் கேட்டுப் பாருங்கள்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உறைந்தால் பொத்தானில் கை வைப்பதற்கு முன், முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராக நுழைந்து 'எக்கோ' கட்டளையால் 'சிஸ்ரிக்யூ ட்ரிக்கர்' (/proc/sysrq-trigger) கோப்பில் 'டபிள்யூ' (w) என்ற ஒற்றை எழுத்தை எழுதுங்கள். முடங்கிய பணிகள் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நிற்கின்றன என்று கெர்னல் குறிப்பேட்டில் கொட்டிவிடும். அதைச் சேமித்துக்கொண்டு, பிறகு அணையுங்கள்.