தண்ணீரில் நிற்கும் தக்காளி ஏன் இலையைத் தொங்கப்போடுகிறது?

மாடியில் புதிதாக ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லாமல் சத்துநீரில் செடி வளர்ப்பது) தொடங்கியிருக்கும் வாசகி ஒருவர் தக்காளி நாற்றுகளின் படத்தை அனுப்பியிருக்கிறார். கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் துளைகள், துளைக்கொரு நெட் கப் (வலைபோல ஓட்டைகள் கொண்ட கிண்ணம்), அதற்குள் ஸ்பாஞ்ச். தண்ணீர் கப்பின் பாதி உயரத்துக்கு நிற்கிறது. இலைகளெல்லாம் கீழே பார்க்கின்றன. "தாகமோ என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன், மோசமாகிவிட்டது. தண்ணீரிலேயே வளர்கிற செடிக்குத் தண்ணீர் எப்படி அதிகமாகும்?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். வேரும் ஆக்சிஜன் எடுத்துத்தான் சுவாசிக்கிறது. ஒரு லிட்டர் காற்றில் கால் கிராமுக்கு மேல் ஆக்சிஜன் உண்டு. 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பதோ சுமார் 9 மில்லிகிராம். மொட்டைமாடி வெயிலில் நீர் 35 டிகிரியைத் தொட்டால் 7 மில்லிகிராம்தான். அந்த ஆக்சிஜனும் நீருக்குள், காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். சூடு ஏறினால் வேரின் தேவையும் கூடும். ஆக்சிஜன் தீர்ந்ததும், ஒரு குளுக்கோஸிலிருந்து 30 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) வரை எடுத்துவந்த வேர் 2 ஏடிபியோடு ஒப்பேற்ற வேண்டும். செல்லுக்குள் அமிலத்தன்மை கூடி, செல்சவ்வில் நீரை உள்ளே விடும் வாயில்கள் மூடிக்கொள்ளும். தண்ணீரில் நின்றபடியே செடி வாடுவது இப்படித்தான்.

சரி, இப்போது இலையைத் தொட்டுப் பாருங்கள். வாடிய இலை கையில் துவளும். இந்தப் படத்தில் இருப்பது விறைப்பாகவே இருக்கிறது, காம்பு மட்டும் அடியிலிருந்து கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவைச் செடி படிப்படியாகத் தயாரிக்கிறது. கடைசிக்கு முந்தைய படியில் கிடைப்பது ஏசிசி என்ற சிறு மூலக்கூறு. அதை எத்திலீனாக்கும் கடைசிப் படிக்கு ஆக்சிஜன் கட்டாயம். மூச்சுமுட்டும் வேரில் ஏசிசி உற்பத்தி கூடும், ஆனால் கடைசிப் படி நடக்காது. தேங்கிய ஏசிசி, மேலேறும் நீரோடு சேர்ந்து இலைக்குப் போகிறது. பாதி வெந்ததை அடுப்பு எரிகிற பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது மாதிரி! இலையில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை, அங்கே அது எத்திலீன் ஆகிவிடும். உடனே காம்பின் மேற்பக்கச் செல்கள் கீழ்ப்பக்கத்தைவிட வேகமாக நீளும், காம்பு கீழே வளையும். நமக்குச் சோர்வாகத் தெரிவது உண்மையில் வளர்ச்சி. இலை சரிந்து நிற்பதால் வெயிலும் குறைவாகப் படும்.

கலிஃபோர்னியாவின் டேவிஸில் கென்ட் பிராட்ஃபோர்டு, ஷாங் ஃபா யாங் என்ற தாவர ஆய்வாளர்கள் 1980இல் தக்காளியில் இதைக் காட்டினார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் யாங்கின் ஆய்வகம் ஏசிசியின் பங்கைக் கண்டுபிடித்திருந்தது, அதுவும் ஆப்பிள் திசுவில். பழம் பழுப்பதைத் துருவியவர்களிடமிருந்துதான் வெள்ளத்தில் நிற்கும் தக்காளிக்கு விடை வந்தது. "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நிதி விண்ணப்பப் படிவங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

வாசகி செய்ய வேண்டியது அதிகமில்லை. வேர் நுனி நீரைத் தொடுகிற அளவுக்கு மட்டத்தை இறக்குங்கள். ஸ்பாஞ்ச் ஈரமாக இருந்தால் போதும், பிழிந்தால் சொட்டக் கூடாது. வேரின் மேல்பகுதி ஈரக்காற்றில் இருக்கட்டும். பம்ப் இல்லாத பெட்டிகளில் செடி மூச்சு விடுவதே அந்த இடைவெளியில்தான், அதனால் நீர் குறையும்போது மறுபடி விளிம்புவரை நிரப்பாதீர்கள். மீன்தொட்டிக்கு வாங்கும் ஏர் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது. பெட்டியை வெயிலிலிருந்து நகர்த்தி வெள்ளைத் துணி சுற்றுங்கள். இலை மஞ்சளாகிறதே என்று உரத்தைக் கூட்ட வேண்டாம், உறிஞ்சும் நிலையில் வேர் இல்லை.

வளைந்த இலைகள் முழுக்க நிமிராமல் போகலாம், அடுத்து வரும் இலையைக் கவனியுங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் செடி தப்பிவிடும். பழுப்பாகி, வழவழத்து, நாற்றமடித்தால் அது வேரழுகல். அந்த நாற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்த பிறகே அடுத்த விதையைப் போடுங்கள். அழுகலை உண்டாக்கும் பித்தியம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் நீந்தத் தெரிந்தவை, ஒரு கப்பிலிருந்து அடுத்த கப்புக்குத் தாமே போய்விடும்.