டைட்டர்: ‘கிருமி அளவு’ அன்று, நீர்ப்பு எண்

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை, காய்ச்சல் கண்ட வீடுகளில் “டைபாய்டு 160 இருக்காம்” என்கிறார்கள். பேச்சில் வந்தால் பொறுக்கலாம். சோதனை முடிவில் வரும் அந்த எண்ணுக்கு டைட்டர் என்று பெயர். அச்சடித்த விளக்கத் தாளிலேயே டைட்டருக்குக் ‘கிருமி அளவு’ என்று போடுவதைப் பொறுக்க முடியாது.

பிரெஞ்சில் பொன், வெள்ளியின் தரத்தைக் குறித்த சொல் டைட்டர். வேதியியல் வழியாக ரத்தப் பரிசோதனைக்கு வந்தது.

டைபாய்டுக்காக 1896-இல் வந்த விடால் சோதனை கிருமியைத் தேடுவதே இல்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. தகட்டு வட்டங்களில் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, 80, 40, 20, 10, 5 மைக்ரோலிட்டர் என்று குறைத்து வைத்து, ஒவ்வொன்றிலும் செத்த கிருமிக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் ஆட்டுவார்கள். பால் திரிந்தாற்போல் திரியும் கடைசி வட்டத்தின் எண்ணே டைட்டர். 80 மைக்ரோலிட்டர் வட்டம் 1:20; சீரம் பாதியாகும்போதெல்லாம் எண் இரட்டிக்கும். 10 மைக்ரோலிட்டர் வரை திரிந்தால் 1:160. நேரம் தாண்டினால் ஓரம் காய்ந்து, திரியாததும் திரிந்ததாகத் தெரியும். தகட்டில் உள்ள கிருமி பாட்டிலில் வந்தது; நோயாளியுடையது அன்று!

இந்தத் தவறான பெயரால் மருந்து வீணாகிறது. குணமான பின்னும் எதிர்ப்பொருள் பல மாதம் நிற்கும். மறுபடி சோதித்து 160 வந்தால், “கிருமி இன்னும் போகல” என்று இன்னொரு சுற்று ஆன்டிபயாடிக் வாங்குகிறார்கள். டைபாய்டு வந்துபோகும் ஊர்களில் நலமாக இருப்பவருக்கே 40, 80 காட்டும். முதல் வாரத்திலோ, நோய் இருந்தும் ஒன்றும் காட்டாமல் போகலாம். அதைக் ‘கிருமி இல்லை’ என்று படித்தால் ஆபத்து. 7 முதல் 14 நாள் இடைவெளியில் இருமுறை எடுத்து, 40 என்பது 160 ஆனால்தான் பொருள் உண்டு. கிருமியையே காண வேண்டுமானால், ரத்தத்திலிருந்து அதை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர்: பெரியவருக்கு 8–10 மில்லி, முதல் ஆன்டிபயாடிக்குக்கு முன்னால்.

சிலர் ‘செறிவு’ என்கிறார்கள். செறிவுக்கு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பது போல ஓர் அலகு வேண்டும். டைட்டருக்கு அது கிடையாது. மூலப் பொருளுக்கு நேர் தமிழ் ‘மாற்று’. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்று. அழகான சொல்தான். ஆனால் ‘மாற்று 160’ என்றால் இன்று யாரும் தங்கத்தை நினைக்க மாட்டார்கள், வேறொன்று என்றே படிப்பார்கள். எத்தனை மடங்கு நீர்த்தும் திரிந்தது என்பதை நேராகச் சொல்வது ‘நீர்ப்பு எண்’. அகராதியைப் புரட்டும் மொழிபெயர்ப்பாளர் அந்தத் தகட்டை ஒருமுறை பார்த்திருந்தால் இது தோன்றியிருக்கும்.

தாளில் இப்படி அச்சிடலாம் (‘ஓ’ என்பது எதிர்ப்பொருளின் வகை): “டைபாய்டு ஓ எதிர்ப்பொருள், நீர்ப்பு எண் 160. இது கிருமியின் எண்ணிக்கை அன்று.”