மாத்திரை பலன் தரும் முன் வரும் மூன்று வாரங்கள்

மனச்சோர்வுக்கான மாத்திரையைப் பற்றி நோயாளிக்கு முதலில் சொல்ல வேண்டியது, அது உடனே கேட்காது என்பதைத்தான். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், தங்கச்சிமடத்திலிருந்தோ தேவிபட்டினத்திலிருந்தோ வந்த ஒரு பெண் மருத்துவரைப் பார்த்துவிட்டு மாத்திரையோடு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் குமட்டல். அடுத்த நாள் தலைவலி, காரணமில்லாத பதற்றம். மனப்பாரம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஐந்தாம் நாள், "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று அட்டையை எடுத்து வைத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல வழியில்லை. தொல்லை முதல் வாரத்திலும் நன்மை மூன்றாவது வாரத்திலும் வருகிற மருந்து அது. அந்த இடைவெளியில் அவருக்குத் துணை நிற்கக்கூடியவர், மாத்திரையைக் கையில் கொடுக்கும் செவிலியர்.

இடைவெளி ஏன் வருகிறது? ஃப்ளூவாக்ஸெட்டின், எஸ்சிடலோபிராம் போன்ற மருந்துகள் மூளைத் தண்டில் ராஃபே என்ற பகுதியிலிருந்து கிளம்பும் நரம்பு செல்களில் வேலை செய்கின்றன. அந்தச் செல்கள் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து அனுப்புகின்றன. பயன்பட்டது போக மீதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. உறிஞ்சும் வாசலை மருந்து சில மணி நேரத்திலேயே அடைத்துவிடுகிறது. செரட்டோனின் கூடுகிறது. அப்படியானால் அன்று மாலையே தெளிவு வர வேண்டுமே?

வராததற்கு ஒரு காரணம், அதே செல்களின் மேல் உள்ள தன்னுணர் ஏற்பிகள். மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறியதும் குழாயை அடைக்கும் மிதவை போன்றவை அவை. செரட்டோனின் பெருகியதும் "போதும்" என்று செல்லுக்குச் சொல்லி, சுரப்பைக் குறைத்துவிடுகின்றன. மருந்து ஒரு பக்கம் கூட்டுகிறது, மூளை மறுபக்கம் குறைக்கிறது. நாள்தோறும் மாத்திரை போட்டுவந்தால் இரண்டு மூன்று வாரங்களில் இந்த ஏற்பிகள் மரத்துப்போகின்றன. சுரப்பு மீண்டும் உயர்கிறது. இதோடு, நரம்பு செல்களுக்கிடையே புதிய இணைப்புகள் வளர்வதையும் மருந்து ஊக்குவிப்பதாக விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. வளர்ச்சி என்றால் அதற்கு நாளாகும். முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் வரை பிடிக்கலாம்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. "உங்களுக்குச் செரட்டோனின் குறைந்துவிட்டது, அதனால்தான் நோய்" என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. அந்த எளிய விளக்கத்துக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்று 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு கூறியது. மருந்து பலருக்கு உதவுகிறது என்பது வேறு, நோயின் மூலம் செரட்டோனின் குறைவே என்பது வேறு. சொல்லப்போனால் இந்த மருந்துகளின் வரலாறே தற்செயலாகத் தொடங்கியது. 1950களின் தொடக்கத்தில் காசநோய்க்குக் கொடுத்துப் பார்த்த இப்ரோனியாசிட் நோயாளிகளை உற்சாகமாக்கியதை மருத்துவர்கள் கவனித்தார்கள். பலன் முதலில் தெரிந்தது, விளக்கத்தைப் பிறகுதான் தேடினார்கள்.

ஆகவே மாத்திரை கொடுக்கும் இடத்தில் செவிலியர் சொல்ல வேண்டிய சொற்கள் சிலவே. "அம்மா, முதல் வாரம் வயிற்றைப் புரட்டும், சாப்பிட்ட பிறகு போடுங்கள். பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும். மனம் தெளிய மூன்று வாரம் ஆகும். தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் போட வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்." அதற்குப் பிறகு ஐந்தாறு நாளில் ஒரு தொலைபேசி அழைப்பு. இளம் வயதினருக்கு, குறிப்பாக 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால் அந்த அழைப்பைத் தவறவிடக் கூடாது.

வலி மாத்திரையைப் பற்றியும் கேட்க வேண்டும். வலை இழுத்து இடுப்பு நோகும் மீனவர்களும், மணிக்கணக்கில் கடலில் குனிந்து பாசி எடுக்கும் பெண்களும் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது வழக்கம். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்றவை இம்மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. டிரமடால் சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறி, நடுக்கமும் காய்ச்சலும் குழப்பமும் வரலாம். முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து தள்ளாட்டம் வருவதும் உண்டு.

நோயைக் கண்டுபிடிப்பதில் இந்தக் கடற்கரைக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பி.எச்.க்யூ-9 என்ற வினாத்தாளில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கவனித்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது கேள்வி தூக்கம் பற்றியது. இரவில் கடலுக்குப் போய் விடியலில் கரை சேர்பவரிடம் "இரவில் தூக்கம் வருகிறதா?" என்று கேட்டால் விடைக்குப் பொருளே இல்லை. "கரையில் இருக்கும் நாள்களில், படுத்தால் தூக்கம் பிடிக்கிறதா?" என்று கேட்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் ஓய்ந்து கிடக்கும்; அப்போது வேலையில் நாட்டமில்லை என்பதை நோய்க்குறியாகக் கொள்ள முடியாது. பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சவும் மனமில்லை என்றால், அது நோய்க்குறி. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பைப் பற்றியது. கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பல செவிலியர்கள் அதை விழுங்கிவிடுகிறார்கள். கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. தயவுசெய்து கேளுங்கள்.

மருந்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டிய இன்னொரு சிகிச்சை, செயலூக்கச் சிகிச்சை. மனம் சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்காமல், முன்பு பிடித்திருந்த சிறு வேலையை நாளும் நேரமும் குறித்துச் செய்யவைப்பது. மனநல மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களே இதைக் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கொடுத்தார்கள். கடும் மனச்சோர்வு குறைந்ததை 2017இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. கிராம சுகாதாரச் செவிலியரால் முடியாத வேலையா இது? இந்த மாவட்டத்துக்கு இதில் கூடுதல் பொறுப்பும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடை செய்திருக்கிறது.

சரி, செவிலியரின் மனதை யார் பார்ப்பது? இராமநாதபுரத்தில் இரவுப் பணி முடித்து மண்டபத்துக்குப் பஸ் ஏறும் ஒருவரை நினைத்துப்பாருங்கள். பஸ் கிழக்கே போகிறது, வெயில் நேராக முகத்தில். விழித்திரையில் விழும் அந்த ஒளி, மூளையின் உள் கடிகாரத்துக்கு "பகல் தொடங்கிவிட்டது" என்று சொல்கிறது. தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பு அடங்குகிறது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் துண்டுதுண்டாகத்தான் வரும். பயணத்தில் கறுப்புக் கண்ணாடி அணிவதும், படுக்கும் அறையை இருட்டாக்குவதும் உண்மையிலேயே உதவும். ஆனால் பணிப்பட்டியலைச் செவிலியரால் மாற்ற முடியாது. காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும் பட்டியலுக்கு உடல் எளிதில் பழகுகிறது. இரவிலிருந்து மாலைக்கு, மாலையிலிருந்து காலைக்குத் திரும்பினால் திணறுகிறது. பட்டியலை முன்னோக்கிச் சுழலும்படி அமைக்க வேண்டியது நிர்வாகம்.

பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் நோயாகக் கணக்கில் எடுக்கவில்லை. சமாளிக்கப்படாத வேலை நெருக்கடியின் விளைவு என்கிறது. விடுப்பில் ஊருக்குப் போனால் மனம் லேசாகிறது என்றால், பெரும்பாலும் அது பணிச்சோர்வு. விடுப்பிலும் எதுவும் ருசிக்கவில்லை, தன்மீதே வெறுப்பு என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். உடன் வேலை செய்பவர்கள் தங்கள் சிகிச்சைக் குறிப்புகளைப் பார்ப்பார்களே என்று தயங்கும் செவிலியர்கள் 14416 என்ற டெலிமனாஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

தொடர் கல்வி வகுப்புகளில் இவையெல்லாம் பாடமாக வேண்டும். வகுப்பு எப்போது நடக்கிறது என்பதும் முக்கியம். இரவு முழுக்க விழித்திருந்தவரைக் காலை பத்து மணிக்கு வகுப்பில் உட்காரவைத்தால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விழும். கேட்டது நினைவில் நிற்க அவருக்குத் தூக்கம் வேண்டும். இரவுப் பணி இல்லாத வாரத்தில், பணி நேரத்துக்குள், சிறு குழுக்களாக நடத்துங்கள். மருந்துச் சீட்டை வைத்து நோயாளியிடம் பேசிப் பழகுவதற்கும், ஒன்பதாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்டுப் பார்ப்பதற்கும் வகுப்பில் பாதி நேரத்தை ஒதுக்குங்கள்.