நோன்பு வருகிறது, டாக்டர்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆடி மாதம். மாலை ஐந்தே முக்கால் மணி இருக்கும். ஆட்டோவிலிருந்து ஓர் அம்மாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சேலை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. விரலில் குத்திப் பார்த்தோம். சர்க்கரை 34. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் கண் விழித்தார்.

"மணி என்ன?" என்றுதான் முதலில் கேட்டார்.

சொன்னேன்.

"பாங்கு சொல்லிவிட்டார்களா?"

இல்லை. நோன்பு திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. தன் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர், முந்தானையை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உயிர் போகப் பார்த்திருக்கிறது, இவருக்கு முக்கால் மணி நேரக் கணக்கு! வெளியே நின்ற மகனைக் கூப்பிட்டு, "நோன்பு வைக்கப் போவதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"உம்மா சொல்ல வந்தார்கள் சார். நீங்கள்தான் முடிக்க விடவில்லை."

கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்தேன். சித்திரை மாதம் வந்திருக்கிறார். சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், மாத்திரை எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன. நோன்பைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் எனக்கு நினைவு வந்துவிட்டது. "நோன்பு வருகிறது டாக்டர்" என்று அவர் தொடங்கினார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இந்த வயதில் பட்டினி கிடந்து கடவுளிடம் என்ன வாங்கப் போகிறீர்கள்?" என்றேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தார். அந்த அம்மாவும் ஒப்புக்குச் சிரித்துவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அன்று அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது கிளைபென்கிளமைடு என்கிற மாத்திரை. கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைப்பது. ஒரு முறை போட்டால் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். காலைச் சாப்பாட்டோடு போடுவதை, அவர் விடியலுக்கு முன்பு சஹர் சாப்பாட்டோடு போட்டிருக்கிறார். காலை மாத்திரையைக் காலைக்கு முன்பே போட்டுவிடலாம் என்பது அவருடைய கணக்கு. யாரும் சொல்லித்தராதபோது வேறு என்ன கணக்குப் போட முடியும்? சாப்பிட்டது இரண்டு இட்லி. அதன் பிறகு பதினான்கு மணி நேரம் தண்ணீர்கூட இல்லை. இந்த மாத்திரையால் சர்க்கரை இறங்கினால் ஒரு முறை ஏற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்ப முடியாது. மருந்து உடம்பில் இருக்கிற வரை திரும்பத் திரும்ப இறங்கும். இரவு முழுக்க வைத்துப் பார்த்தோம்.

அந்த இரவில் எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் அந்த அம்மா மட்டுமல்ல. என் அம்மாவும்தான்.

என் அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. ஐப்பசி பிறந்தால் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம். பகலில் பால், பழம். ஆறாம் நாள் சூரசம்ஹாரம் முடிகிற வரை அதுவும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த வாரத்துக்கு முன்பே நான் அம்மாவின் மாத்திரையைப் பாதியாக்கி, காலை வேளையை நிறுத்தி, கைக்கு அருகில் சர்க்கரை டப்பாவை வைத்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குக் கிளம்புவேன். "கடவுளிடம் என்ன வாங்கப் போகிறாய்?" என்று அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அது விரதம், பக்தி, அம்மாவின் பிடிவாதம். மேலப்பாளையத்திலிருந்து வருகிற ஒரு முஸ்லிம் அம்மா செய்தால் அறியாமை.

நான் கோயிலுக்கு அதிகம் போகிறவன் இல்லை. யாரையும் மதம் பார்த்து நடத்துவதில்லை என்றே என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஏளனத்துக்குப் பெயர் அறிவியல் என்றும் நம்பியிருந்தேன். ஆனால் அந்த அறிவியல் வீட்டில் ஒரு மாதிரியும் வெளி நோயாளிகள் பிரிவில் வேறு மாதிரியும் நடந்துகொண்டிருந்தது. இறங்குகிற சர்க்கரைக்கு எது நோன்பு, எது விரதம் என்று தெரியாது.

இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. நான் மூட நம்பிக்கை என்று தள்ளிய விஷயத்தில் மருத்துவ உலகம் ஏற்கெனவே உழைத்து வைத்திருந்தது. 2001-இல் 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் நடத்திய எபிடயார் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ 79 சதவீதம் பேர், முதல் வகையில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர், ரமலானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பு வைத்திருந்தார்கள். டாக்டர் சரி என்றாலும் வேண்டாம் என்றாலும் பெரும்பாலானவர்கள் வைக்கத்தான் செய்கிறார்கள் என்பது அதற்கு முன்பே தெரிந்த கதை. அந்த ஆய்வு எண்ணிக்கை கொடுத்தது. மருத்துவமனையில் சேர்க்கிற அளவுக்குச் சர்க்கரை இறங்குவது, இரண்டாம் வகைக்காரர்களிடம் மற்ற மாதங்களைவிட ஏறத்தாழ ஏழரை மடங்கு கூடியிருந்தது. இத்தனையும் அச்சில் வந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் படிக்கவில்லை. அறியாமை என்ற சொல்லை நோயாளியின் பக்கம் நீட்டிய கை என்னுடையது.

மறு வாரம், தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு பள்ளிவாசலின் ஹஜ்ரத்தை, அதாவது அங்குள்ள மார்க்க அறிஞரை, பார்க்கப் போனேன். மாலை அசர் தொழுகை முடிந்த நேரம். பெரிய அண்டாவில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி, சிறுபருப்பு, வெந்தயம், பூண்டு, கொத்துக்கறி, தேங்காய்ப்பால். தூக்குவாளிகளோடு பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள், தலையில் தொப்பி போட்டவர்களும் போடாதவர்களும். நான் ஒரு சொற்பொழிவுக்குத் தயாராகப் போயிருந்தேன். உங்கள் மக்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"நோயாளிக்குச் சலுகை உண்டு என்று குர்ஆனிலேயே இருக்கிறது டாக்டர். இரண்டாம் அத்தியாயம், 185-ஆம் வசனம். நோயில் இருப்பவர், பயணத்தில் இருப்பவர் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம். தீராத நோய் என்றால் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்குச் சாப்பாடு, ஃபித்யா. இதை நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். ஆனால் இன்னாருக்கு நோன்பு தாங்குமா, தாங்காதா என்று எனக்கு எப்படித் தெரியும்? நம்பிக்கையான மருத்துவர் சொன்னால் கேட்க வேண்டும் என்றுதான் சட்டம். அந்த மருத்துவரிடம் போனால் திட்டுகிறார் என்கிறார்களே?"

என் சொல்லுக்கு அந்த மார்க்கத்திலேயே ஓர் இடம் போட்டு வைத்திருந்திருக்கிறார்கள். நான்தான் அதில் உட்காராமல் வாசலில் நின்று ஏசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவருக்கும் என்னிடம் கேட்கச் சில கேள்விகள் இருந்தன. விரலில் குத்தி ரத்தம் பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். முறியாது என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் கருத்து, அதை நீங்களும் சொல்லுங்கள் என்றார். கூடவே, "இன்சுலின் பன்றியிலிருந்து எடுப்பதா?" என்றார். இதே கேள்விக்காக நான் நோயாளி ஒருவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். சிரிக்க ஒன்றுமில்லை. 1920-களில் தொடங்கி அறுபது ஆண்டுகள், உலகம் பயன்படுத்திய இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுத்ததுதான். 1982-இல்தான் பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று நாம் எழுதுவது பெரும்பாலும் பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ தயாராவது. எங்கள் தெரு ஐயர் ஒருவர் ஜெலட்டின் உறை போட்ட மாத்திரையைப் பார்த்து, "இது எந்த மிருகத்தின் எலும்பு?" என்று கேட்டபோது நான் மருந்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வேறு மாத்திரை எழுதிக்கொடுத்தேன். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி வேலைக்கு உதவுகிற சில விஷயங்கள். நோன்பு மாதத்துக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும்; பிறை பார்த்த பிறகு வந்தால் மருந்தை மாற்றிப் பழக நேரம் இருக்காது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் வழிகாட்டுதல் 2016-இல் வந்து 2021-இல் திருத்தப்பட்டது. வயது, நோயின் வகை, மருந்து, சிறுநீரகம், சர்க்கரை இறங்கிய வரலாறு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, யார் வைக்கலாம், யார் யோசிக்க வேண்டும், யார் கூடாது என்று அது பிரித்துத் தருகிறது. பொதுவாக, காலையில் போடுகிற பெரிய வேளை மருந்து நோன்பு திறக்கிற நேரத்துக்கு நகரும். சஹர் வேளை குறையும். மெட்ஃபார்மின் தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகிற பயம் குறைவு. கிளைபென்கிளமைடு இருந்தால் அதை முதலில் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இதைப் படித்துவிட்டு நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டாம். அந்த அம்மாவும் தானே மாற்றியவர்தான்.

சஹரைத் தவிர்க்காமல், முடிந்தவரை கடைசி நேரத்தில் சாப்பிட வேண்டும். திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி போதும்; வடை, சமோசா, சர்பத் மூன்றும் ஒரே நேரத்தில் இறங்கினால் இரவு பத்து மணிக்குச் சர்க்கரை 300-ஐத் தொடும். பகலில் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே போனாலோ, பாங்குக்கு ஐந்து நிமிடம் இருந்தாலும் திறந்துவிட வேண்டும். கை நடுக்கம், குளிர்ந்த வேர்வை, மனத்தடுமாற்றம் இருந்தாலும் அப்படியே. ரமலான் இரவுகளில் தொழுகிற தராவீஹ் தொழுகை நல்ல உடற்பயிற்சிதான், அந்த மாதத்தில் தனியாக நடக்கப் போக வேண்டிய அவசியமில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, டாக்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கட்டுப்பாட்டில் இல்லாத முதல் வகை நீரிழிவு, சர்க்கரையோடு கர்ப்பம், டயாலிசிஸ், அண்மையில் வந்த மாரடைப்பு ஆகியவற்றுக்கெல்லாம் கூடாது என்றே சொல்கிறேன். சிறுநீரகம் பாதி கெட்டுப்போன ஒரு ஜவுளிக் கடைக்காரரிடம் நான் சொன்னேன், ஹஜ்ரத் சொன்னார், மனைவி காலில் விழாத குறை. வைத்தார். பதினோராம் நாள் மூச்சுத்திணறலோடு வந்தார். பிழைத்தார், ஆனால் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவர் மீது எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஒரே ஆறுதல், வைத்திருக்கிறேன் என்று முதல் நாளே போன் செய்து சொல்லியிருந்தார். அதனால்தான் பதினோராம் நாள் எதைத் தேட வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் கேஸ் ஷீட்டில் இப்போது ஒரு வரி அச்சடித்திருக்கிறோம்: நோன்பு, விரதம், ஒருசந்தி உண்டா? எப்போது? முஸ்லிம் பெயரைப் பார்த்துக் கேட்பதில்லை, எல்லோரிடமும் கேட்கிறோம். கேட்க ஆரம்பித்த முதல் மாதமே ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், பதினோரு ஆண்டுகளாகச் செவ்வாய்க்கிழமை விரதம் என்றார். அவருடைய நோட்டில் வாரத்தில் ஒரு நாள் சர்க்கரை ஏன் இறங்குகிறது என்று நான் இரண்டு ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். "ஏன் சார் சொல்லவில்லை?" என்றால், "நீங்கள் கேட்கவில்லையே" என்றார். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் ஒருசந்தி இருக்கிற தூத்துக்குடிக்காரர்கள், கார்த்திகையில் மாலை போட்டு ஒரு வேளை உணவோடு மலைக்கு நடக்கிறவர்கள் என ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பழைய கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் அந்த வரியைப் பார்த்துக் கோபப்பட்டுவிட்டு, தான் மாதம் இரண்டு நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பதாகவும் அது முற்றிலும் வேறு விஷயம் என்றும் விளக்கினார். அதையும் குறித்துக்கொண்டேன்.

அந்த அம்மா மறு ஆண்டு வைகாசியிலேயே வந்தார். கேட்பதற்கு முன்பே மாத்திரைப் பையை மேசை மேல் கொட்டினார். போன ஆண்டு பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கள் டாக்டர், மாத்திரையைப் பாருங்கள்" என்றார். கிளைபென்கிளமைடு முன்பே போயிருந்தது. மற்றதைப் பாதியாக்கி, குளுக்கோமீட்டர் கொடுத்து, எந்த எண்ணில் திறக்க வேண்டும் என்று அட்டையில் பெரிதாக எழுதிக்கொடுத்தேன். வைக்காமல் இருந்தால் எனக்கு நிம்மதி என்றும் சொன்னேன். யோசித்துவிட்டு, வைத்துப் பார்க்கிறேன் என்றார்.

பத்தொன்பதாம் நோன்பு அன்று மாலை நான்கரைக்கு என் போன் அடித்தது.

"66 காட்டியது டாக்டர். சீனித் தண்ணீர் குடித்து நோன்பை நானே திறந்துவிட்டேன். இப்போது 112."

"மயக்கம், நடுக்கம்?"

"ஒன்றும் இல்லை. அல்லாஹ் கோபிக்க மாட்டான். நீங்கள்?"

இரவு மாத்திரை பாதி போதும் என்றேன்.