சுண்ணாம்பும் கல்சியம்தானே டொக்டர்?

போன கிழமை வந்த அம்மாவுக்கு 54 வயது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். எட்டு மாதமாக மலத்தோடு இரத்தம் போகிறது. லயத்தில் எல்லோரும் மூலச்சூடு என்று சொல்லிவிட்டார்கள். அவரும் வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துக்கொண்டு இருந்துவிட்டார். கல்சியம் சாப்பிட்டால் குடலில் சதை வளராது என்று ஏதோ வீடியோவில் பார்த்த மகன், கொழும்பிலிருந்து ஒரு போத்தல் மாத்திரை அனுப்பியிருக்கிறார். அதை ஒரு பக்கம் வையுங்கள் என்றேன். மடியிலிருந்த வெற்றிலைப் பையைத் தொட்டுக் காட்டி, "அப்ப இது போதுமா டொக்டர்? சுண்ணாம்பும் கல்சியம்தானே?" என்று கேட்டார்.

ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தேன். கட்டி விரலுக்கே தட்டுப்பட்டது.

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள்.

வீடியோ சொன்னது முழுப் பொய்யில்லை, வில்லங்கமே அதுதான். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பொலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சதை) வெட்டி எடுக்கப்பட்டவர்களுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கல்சியம் கொடுத்தார்கள். அவர்களில் 31 சதவீதம் பேருக்குத் திரும்பவும் பொலிப் வந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 38. அவ்வளவுதான் வித்தியாசம். 2015இல் வந்த பெரிய ஆய்வில் அதுவும் தெரியவில்லை. சரி, பலன் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது இனி வரக்கூடிய பொலிப்பைப் பற்றிய பேச்சு. வந்துவிட்ட கட்டியை மாத்திரையும் கரைக்காது, பாலும் கரைக்காது, சுண்ணாம்பும் கரைக்காது. வெற்றிலையும் பாக்கும், புகையிலை சேர்க்காவிட்டாலும், வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவரும்.

சாப்பாட்டில் வரும் கல்சியம் வேறு கதை. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரித்தானியப் பெண்களைப் பல வருடம் கவனித்து 2025இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 300 மில்லிகிராம் கூடுதலாக எடுத்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் 17 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. பெரிய கிளாஸ் பால் ஒன்றின் அளவு அது. நம் தேத்தண்ணியில் போடும் ஒரு தேக்கரண்டி பால்மாவில் 45 மில்லிகிராம்தான் தேறும். கிளினிக்கில் கொடுக்கும் 300 மில்லிகிராம் கல்சியம் லக்டேட் மாத்திரையிலும் நிஜக் கல்சியம் 40க்குப் பக்கம்தான். (அதை இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள், எத்தனை தரம் சொல்வது!) நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு மென்று தின்னுங்கள். குரக்கன் ரொட்டி, முருங்கையிலைச் சுண்டல், தயிர், எல்லாம் நல்லது. வீட்டு மாட்டுப்பாலை ஒரு சொட்டு விடாமல் விற்றுவிட்டுப் பிள்ளைக்குச் சாயத்தண்ணி ஊற்றுகிறார்களே, அதைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இரத்தம் போனாலோ, மலம் கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருந்தாலோ, காரணமில்லாமல் மெலிந்தாலோ மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மூலமாகவே இருக்கட்டும், அதை நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். விரல் பரிசோதனைக்கு ஒரு நிமிடம் போதும். கெமரா விட்டுப் பார்க்க வேண்டுமா என்பது அதற்கு அப்புறம். வெட்கப்பட்டு எட்டு மாதம் ஒளிக்காதீர்கள், அம்மா. ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போகும், தெரியும். மெடிக்கல் துண்டு நான் எழுதித் தருகிறேன்.