ஃபார்வர்டு: ரக்பி லீகில் முட்டித் தள்ளும் ஆறு பேர்

ரக்பியில் அணிக்கு 13 பேர் ஆடும் வகையான ரக்பி லீக் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் இடறும் சொல் ஃபார்வர்டு. கால்பந்து பார்த்துப் பழகிய நமக்கு, எதிரணியின் கோல் பக்கம் தருணம் பார்த்து நின்று கோல் அடிப்பவர்தான் ஃபார்வர்டு. அந்த நினைப்போடு ரக்பி லீக் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. அங்கே ஃபார்வர்டு என்பவர் பொதுவாக அணியின் கனமான ஆள். இரு அணி ஃபார்வர்டுகளும் கூடி முட்டிக்கொண்டு பந்துக்காக மோதும் ஸ்க்ரம்மில், பழைய நாளில் தோள் கொடுத்துத் தள்ளியவர் அவர்தான். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரணியினர் நெருக்கமாக நிற்கும் இடத்துக்குள்ளேயே பாய்வார். விழுந்து எழுந்ததும், பந்து எதிரணியிடம் போயிருந்தால் அவர்களை மடக்கிப் பிடிக்க ஓடுவார். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுக்கும், அதாவது டிரை வைக்கும் பெருமை பெரும்பாலும் அவருக்குப் பின்னால் நிற்கும் பேக்குகளுக்குத்தான் போகும்.

பழைய ஆங்கிலத்தில் முன்பக்கத்தைக் குறிக்கும் ஒரு சொல்லும், ஒரு பக்கம் நோக்கித் திரும்பியதைக் குறிக்கும் விகுதியும் சேர்ந்து உருவானது ஃபார்வர்டு. வெறும் திசையைச் சொன்ன சொல், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பந்தாட்டத்தில் ஆளுக்குப் பெயரானது. அன்றைய ஆட்டத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். 1871 மார்ச்சில் எடின்பரோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய முதல் சர்வதேச ரக்பி ஆட்டத்தில் அணிக்கு 20 பேர். அதில் பெரும்பாலோர் ஒரே கும்பலாகக் கூடித் தள்ளினார்கள். பந்தைக் காலால் உதைத்து உதைத்து முன்னே கொண்டுபோவதே அவர்கள் வேலை. மிச்சப் பேர் பின்னால் காவல் நின்றார்கள். கும்பலில் முன்னே போனவர்கள் ஃபார்வர்டு, பின்னால் நின்றவர்கள் பேக். அவ்வளவுதான் பிரிவு.

1877இல் அணி 15 பேராகச் சுருங்கியது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்து ரக்பி மன்றங்கள் கூடி, தனியாகப் பிரிந்து, நார்தர்ன் யூனியன் என்ற அமைப்பைத் தொடங்கின. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் ஆட்டத்துக்காக இழக்கும் கூலியை ஈடுகட்டலாமா கூடாதா என்பதுதான் சண்டை. அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்ததே ரக்பி லீக். 1906இல் அந்த அமைப்பு அணியை 13 பேராகக் குறைத்தது. வெளியே போன இரண்டு இடமும் ஃபார்வர்டுகளுடையது. கும்பல் சிறுத்தால் பந்து வெளியே வரும், ஆட்டம் ஓடும் என்ற கணக்கு.

மிஞ்சியது ஆறு பேர். முன்னால் மூவர்: இரண்டு பக்கமும் பிராப், நடுவில் பந்தைக் காலால் கொக்கிபோல் இழுத்தெடுக்கும் ஹுக்கர். அடுத்த வரிசையில் இருவர். கடைசியில் ஒருவர், லூஸ் ஃபார்வர்டு. இந்த ஆறு பேரையும் ஒரே ஆளாகப் பார்ப்பதுதான் வட இங்கிலாந்து ஊர்க்காரர்களின் வழக்கம். 1907-08 பருவத்தில் நான்கு கோப்பைகளையும் வென்ற ஹன்ஸ்லெட் அணியின் ஃபார்வர்டுகளை 'பயங்கர ஆறு பேர்' என்றே அழைத்தார்கள்.

இந்தச் சொல்லுக்கு ஒரு முகம் வேண்டுமென்றால் நான் டக்ளஸ் கிளார்க்கைக் காட்டுவேன். 1891இல் கம்பர்லாந்தில், மேரிபோர்ட்டை ஒட்டிய எல்லன்பரோவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவின் நிலக்கரி வியாபாரத்தில் இறங்கி மூட்டை சுமந்த உடம்பு. ஊர் வழக்கப்படி மல்யுத்தமும் கற்றுக்கொண்டார். 1909இல் ஹடர்ஸ்ஃபீல்டு அணியில் சேர்ந்தார். 1914-15இல் அந்த அணியும் நான்கு கோப்பைகளையும் அள்ளியது. சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தில் செயின்ட் ஹெலன்ஸை 37-3 என்று நொறுக்கினார்கள்.

அந்தப் பருவம் தொடங்கும் முன், 1914 ஜூலை 4, சிட்னி. கிளார்க் ஆடிய பிரிட்டன் அணிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் எட்டு நாளுக்குள் மூன்றாவது டெஸ்ட். மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லாத காலம். கிளார்க்குக்கு முதலில் கட்டைவிரல் உடைந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். அப்புறம் காறை எலும்பு உடைந்தது. ஸ்க்ரம்மில் பாரம் தாங்குவது தோள்தான், அதற்கு மேல் அவரால் எப்படி ஆட முடியும்? வேறு சிலரும் அடிபட்டு வெளியேற, ஒரு கட்டத்தில் களத்தில் பத்துப் பேர்தான். ஆள் இல்லாமல் விங்குக்கு, அதாவது களத்தின் ஓரத்துக்கு, அனுப்பப்பட்ட சிக் ஜான்சன் என்ற ஃபார்வர்டு, பந்தைக் காலாலேயே தட்டித் தட்டி நெடுந்தூரம் கொண்டுபோய் டிரை வைத்தார். 20 பேர் காலத்து ஃபார்வர்டின் பழைய வித்தை அது. ஹெரால்டு வாக்ஸ்டாஃப் தலைமையிலான பிரிட்டன் அணி 14-6 என்று வென்றது. சூலூ போரில் சிறு படை ஒன்று தாக்குப்பிடித்த ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தின் பெயரே அந்த ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது.

முதல் உலகப் போரில் கிளார்க் ராணுவ வண்டி ஓட்டினார், மிலிட்டரி மெடல் பெற்றார். பெல்ஜியத்தின் பாஷன்டேல் போர்க்களத்தில் நச்சுவாயு தாக்கி, 95 சதவீதம் ஊனம் என்ற சான்றிதழோடு ஊர் திரும்பினார். அந்த மனிதர் 1920இல் மறுபடியும் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம் போனார் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மலைப்பு தீர்வதில்லை. 1929 வரை ஆடினார். மல்யுத்தத்தையும் விடவில்லை.

சரி, இவரைத் தமிழில் என்னவென்று சொல்வது? 'முன்கள வீரர்' கால்பந்துக்குப் பொருந்துகிறது. ரக்பி லீகில் கோல் அடிப்பவர் என்ற தவறான படத்தைத் தரும். 'முன்வரிசை ஆட்டக்காரர்' என்றால் ஆறு பேரில் முன்னால் நிற்கும் மூவர் மட்டும் என்றாகிவிடும். 'முன்னணி வீரர்' என்று எழுதினால் பெயர்பெற்ற வீரர் என்றே எல்லாரும் படிப்பார்கள், முன்னணி நடிகர் என்பதுபோல.

ஆனால் முன்னணி என்பது முதலில் படைச்சொல். அணி என்றால் படைவகுப்பு. முன்னே நின்று எதிரியின் முதல் மோதலைத் தாங்குவது முன்னணி, பின்னே நிற்பது பின்னணி. தூசி, தார் என்றும் முன்செல்லும் படைக்குப் பெயருண்டு. 'தார்தாங்கிச் செல்வது தானை' என்ற குறளில் தார் என்பதற்குத் தூசிப்படை என்றே உரை சொல்கிறார்கள். தூசியை இன்று எழுதினால் புழுதி என்றும், தாரை எழுதினால் சாலை போடுவது என்றும் படிப்பார்கள் என்பதால் இரண்டையும் விட்டுவிடலாம்.

என் தேர்வு முன்னணியர். ஆறு பேரும் சேர்ந்து முன்னணி, ஒருவரானால் முன்னணியர். பேக் என்பவர் பின்னணியர். பிராப்புக்கு முட்டு என்ற சொல்லே போதும்: குலை தள்ளிய வாழைக்குக் கொடுக்கும் அதே முட்டு, ஹுக்கரைத் தாங்குவதுதான் அவர் வேலை. எழுதும்போது முதல் இடத்தில் மட்டும் ஃபார்வர்டு என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்தால் வாசகர் குழம்பமாட்டார். இப்படி: 'ஹடர்ஸ்ஃபீல்டின் முன்னணியர், அதாவது ஃபார்வர்டு, டக்ளஸ் கிளார்க் காறை எலும்பு உடைந்து வெளியேறினார்; ஐந்து பேராகச் சுருங்கிய முன்னணி ஸ்க்ரம்மில் திணறியது.'